திருமண நாளுக்கு திபிலீசியும் காகேத்தியும்: நான்கு நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி இதுதான். பத்தாவது திருமண நாளைக் கொண்டாட, அக்டோபர் முதல் வாரத்தில் கணவனும் மனைவியும் ஜார்ஜியா போகிறார்கள். வியாழன் நள்ளிரவு தலைநகர் திபிலீசியில் இறங்கி, திங்கள் இரவு ஊர் திரும்புகிறார்கள். திருமண நாள் சனிக்கிழமை. கணவருக்கு ஒயின் மீது ஆர்வம் அதிகம். மனைவிக்கு இரண்டு மடக்கு போதும், அவர் சைவமும்கூட. நான்கு இரவும் திபிலீசியிலேயே தங்கிக்கொண்டு, ஒரே ஒரு நாள் மட்டும் சுற்றுலா வண்டியில் கிழக்கே உள்ள ஒயின் பகுதியான காகேத்திக்குப் போய்வந்தால் போதுமா என்று கேட்கிறார் மனைவி.

போதாது. சனிக்கிழமை இரவு நீங்கள் காகேத்தியில் தங்க வேண்டும். மற்ற எதில் என் பேச்சைக் கேட்காவிட்டாலும் இதில் கேளுங்கள்.

ஒரு நாள் சுற்றுலா எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு வண்டி கிளம்பும். வழியில் ரொட்டி சுடுவதைக் காட்ட ஒரு நிறுத்தம், தேன் கடையில் ஒரு நிறுத்தம், மடாலயத்தில் அரை மணி நேரம், சிக்நாகி ஊரில் ஒரு மணி நேரம். பிறகு ஒரு பெரிய கூடத்தில் முப்பது பேரோடு நிற்கவைத்து, ஐந்து வகை ஒயினையும் ஒரு சாச்சாவையும் கால் மணி நேரத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். சாச்சா என்பது ஒயின் பிழிந்த சக்கையிலிருந்து வடிக்கும் கடும் சாராயம். அதைக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் வண்டியில் தூங்கிக்கொண்டே திரும்பி வருவீர்கள். ஊரைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள அது போதும். கொண்டாட்டத்துக்குப் போதாது. இன்னொன்று, காகேத்தி நன்றாக இருப்பதே அந்தப் பேருந்துகள் எல்லாம் திரும்பிப் போன பிறகுதான். மாலை ஆறு மணிக்கு மேல் சிக்நாகியின் தெருக்கள் காலியாகிவிடும். வீட்டுக்காரர்கள் மேசை போடுவதும் அப்போதுதான்.

அப்படியானால் நேராகக் காகேத்திக்கே போய்விடலாமே, திபிலீசி எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் தலைநகரின் பயன் இருக்கிறது. ஜார்ஜிய ஒயின் பழக்கமில்லாத நாக்குக்கு முதலில் சற்று விநோதமாகத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமையை நகரத்தில் கழித்து, மாலையில் ஒரு ஒயின் பாரில் உட்கார்ந்து, உங்களுக்கு எந்த வகை பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், மறுநாள் காகேத்தியில் என்ன கேட்பது என்று தெரியும். முதல் நாள் பழகிக்கொள்ள, இரண்டாம் நாள் கொண்டாட, கடைசி நாள் சும்மா இருக்க. நான் பிரிப்பது இப்படித்தான்.

முதலில் ஒயினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் போனால் பாதி ருசி போய்விடும்.

திபிலீசிக்குத் தெற்கே உள்ள கதாச்ரிலி கோரா, ஷுலவேரி கோரா என்ற இரண்டு கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் ஒயினின் வேதித் தடயங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். காலம் கி.மு. 6000 வாக்கில். ‘எட்டாயிரம் ஆண்டு ஒயின்’ என்று விமான நிலையம் முதல் டி-ஷர்ட் வரை எழுதி வைத்திருப்பது இதை வைத்துத்தான். பெருமை பழையதாக இருந்தாலும் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. க்வெவ்ரி என்ற பெரிய களிமண் தாழியைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, அதற்குள்ளேயே சாற்றைப் புளிக்கவைத்து, அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசியிருக்கும். காகேத்தி முறையில் பச்சைத் திராட்சையைக்கூடத் தோல், விதை, சில சமயம் காம்போடு சேர்த்தே உள்ளே விட்டு, சுமார் ஆறு மாதம் மூடிவைப்பார்கள். வசந்த காலத்தில் திறக்கும்போது சாறு பொன்னிறம் தாண்டித் தேன் நிறத்துக்கு வந்திருக்கும். இதைத்தான் ஆம்பர் ஒயின் என்கிறார்கள். இந்த க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆம்பர் ஒயினை முதல் மடக்கில் பலருக்குப் பிடிக்காது. நீண்ட நேரம் கொதித்த, பால் விடாத தேநீர் நாக்கைப் பிடிப்பது போலப் பிடிக்கும். வெறும் வாயில் குடிக்காமல், வால்நட் சேர்த்த உணவோடு குடித்துப் பாருங்கள், அப்போதுதான் அதன் நியாயம் புரியும். பச்சைத் திராட்சையில் ர்காட்சிதெலி, கிசி, மட்ஸ்வானே என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கருப்பில் சபெராவி ஒன்றுதான் ராஜா. பெரும்பாலான கருந்திராட்சைகளுக்குத் தோலில்தான் நிறம் இருக்கும், சபெராவிக்குச் சதையும் சிவப்பு. மூன்று கிண்ணத்துக்குப் பிறகு கணவரின் பல்லைப் பாருங்கள், தெரியும். ஆகவே போட்டோ எடுப்பதாக இருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

எல்லா ஜார்ஜிய ஒயினும் தாழி ஒயின் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சினந்தாலி என்ற பெயரில் விற்பது ர்காட்சிதெலியும் மட்ஸ்வானேயும் கலந்து ஐரோப்பிய முறையில் செய்யும் இலேசான வெள்ளை ஒயின். முகுசானி என்பது ஓக் பீப்பாயில் முதிர்ந்த சபெராவி. கிண்ட்ஸ்மராவுலியும் சபெராவிதான், ஆனால் அரை இனிப்பு. இரண்டு மடக்கு போதும் என்று சொன்ன உங்களுக்கு அநேகமாக இதுதான் சரிவரும். ஒயின் தெரிந்தவர்கள் சிலர் இந்த இனிப்பு வகையைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. சோவியத் காலத்திலிருந்தே ரஷ்யச் சந்தைக்காக இந்த வகையை மொத்தமாகச் செய்து தள்ளினார்கள், தரம் போனது, போலிகளும் பெருகின. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது, அது 2013 வரை நீடித்தது. பெரிய சந்தை கைவிட்டுப் போனதும் வேறு நாடுகளில் விற்றாக வேண்டிய நிலை வந்தது. தரம் கூடியது, வீட்டுக் கொல்லையில் தாழி வைத்திருந்த சின்னத் தயாரிப்பாளர்களும் வெளியே தெரிய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நல்ல கிண்ட்ஸ்மராவுலியும் கிடைக்கிறது. பிடித்ததைக் குடிப்பதில் வெட்கம் வேண்டாம்.

சரி, பயணத்துக்கு வருவோம்.

விசா பற்றிச் சுருக்கமாக. இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஜார்ஜியாவில் விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அமெரிக்கா, செங்கன் போன்ற சில விசாக்கள் கையில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. அதை ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம். எந்த விசாவாக இருந்தாலும் ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், பயண மருத்துவக் காப்பீடு மூன்றையும் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடியேற்ற வரிசையில் போனில் தேடிக்கொண்டு நிற்பது நல்ல தொடக்கம் அல்ல.

வெள்ளிக்கிழமை காலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நள்ளிரவில் இறங்கியவர்கள் பதினோரு மணிக்குக் கிளம்பினால் போதும். பழைய நகரம் சின்னது, நடந்தே பார்த்துவிடலாம். சொலொலாகி பகுதியில் அறை எடுத்தால் எல்லாம் காலடியில் இருக்கும், ஆனால் ஏற்றம் உண்டு, பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரத்தாலான தொங்கு மாடங்கள், உடைந்த கண்ணாடி, அதன் மேல் படர்ந்த திராட்சைக்கொடி என்று அந்தத் தெருக்களில் திரிவதே பாதி நாளை எடுத்துக்கொள்ளும். ரிக்கே பூங்காவிலிருந்து கேபிள் காரில் நரிகலா கோட்டைப் பக்கம் ஏறுங்கள். மேலே ‘ஜார்ஜியாவின் தாய்’ சிலை நிற்கிறது, 20 மீட்டர் உயரம், நகரத்தின் 1500ஆவது ஆண்டுக்காக 1958இல் வைத்தது. ஒரு கையில் வாள், மறு கையில் ஒயின் கிண்ணம். பகைவனாக வந்தால் அது, விருந்தினராக வந்தால் இது. நீங்கள் இரண்டாவது வகை என்பதால் பயமில்லாமல் போகலாம்.

மாலைக்கு அபனோதுபானி கந்தகக் குளியல். இந்த நகரம் இந்த இடத்தில் எழுந்ததற்கே இந்த வெந்நீர் ஊற்றுகள்தான் காரணம் என்று ஐதீகம். வேட்டைக்குப் போன வாக்தாங் கோர்கசாலி மன்னனின் பறவை வெந்நீரில் விழுந்து வெந்துபோக, அதைப் பார்த்து அவன் இங்கே நகரம் கட்டினான் என்று கதை. செங்கல் குவிமாடங்களுக்குக் கீழே குளியல் அறைகள். பொது அறையும் உண்டு, இருவருக்கு மட்டுமான தனி அறையும் உண்டு. மணிக்கணக்கில் வாடகை, நீங்கள் தனி அறையை எடுங்கள். முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது, வெள்ளி மாலை கூட்டம் இருக்கும். நீல ஓடு பதித்த முகப்பு இருப்பது ஒர்பெலியானி குளியல், படத்துக்கு அழகு. சொரசொரப்பான கையுறை போட்டு முதுகு தேய்த்துவிட ஆள் கேட்கலாம், தேய்த்த பிறகு தோலில் இருந்து உருண்டு வருவதைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அழுகிய முட்டை வாடை முதல் ஐந்து நிமிடத்துக்குத்தான். ஒன்று முக்கியம், குளியல் முதலில், ஒயின் அப்புறம். வெந்நீரும் மதுவும் சேர்ந்தால் தலை சுற்றும். வெள்ளி நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், கந்தகத்தில் கருத்துவிடும்.

குளித்துவிட்டு நடந்து போகும் தூரத்தில் ஒயின் பார்கள் இருக்கின்றன. சிறு தயாரிப்பாளர்கள் சிலர் சேர்ந்து சொலொலாகியில் தொடங்கிய வினோ அண்டர்கிரவுண்ட் ஒரு நல்ல இடம், நிலவறை. ஒரே திராட்சையைத் தாழி முறையிலும் ஐரோப்பிய முறையிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ர்காட்சிதெலியில் இதைச் செய்தால் ஒரே கொடியின் காயா இது என்று இருக்கும். இரண்டு மூன்று கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுங்கள்.

சனிக்கிழமை எந்த வழியில் போகிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். திபிலீசியிலிருந்து காகேத்திக்கு இரண்டு வழி. ஒன்று கொம்போரி கணவாய் வழியாக மலையேறி தெலாவிக்கு இறங்குவது. காடும் வளைவுமான சாலை, இலையுதிர் காலத்தில் கண்ணுக்கு விருந்து, ஆனால் வயிற்றைப் புரட்டும். இன்னொன்று தெற்கே, சமவெளியாகச் சிக்நாகிக்குப் போகும் நெடுஞ்சாலை, சுமார் 110 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். போகும்போது கொம்போரி, வரும்போது நெடுஞ்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை தெளிந்த தலையோடு மலை வளைவுகளை ரசிக்கலாம், மறுநாள் ஒயினும் விருந்தும் இறங்கிய வயிற்றோடு நேரான சாலையில் திரும்பலாம். மாற்றிச் செய்தால் படுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. மாலை இருட்டில், பனிமூட்டத்தில் அந்தக் கணவாயைக் கடப்பதையும் இதனால் தவிர்த்துவிடலாம்.

காரை நீங்களே ஓட்ட நினைக்காதீர்கள். ருசி பார்க்கப் போகிறவர் ஓட்டக்கூடாது, இரண்டு மடக்குக்காரராகிய நீங்கள் ஓட்டினால் உங்கள் திருமண நாள் வேலை நாளாகிவிடும். ஓட்டுநரோடு காரை இரண்டு நாளுக்கு எடுங்கள். கோட்ரிப் போன்ற தளங்களில் வழியையும் நிறுத்தங்களையும் கொடுத்தால் காருக்கு மொத்த விலையை முன்பே காட்டும், நபருக்கு இவ்வளவு என்று இல்லை. சாம்கோரி மெட்ரோ பக்கத்திலிருந்து சிக்நாகிக்கு மர்ஷ்ருத்கா என்ற மினி பஸ்ஸும் போகிறது, மிக மலிவு, ஆனால் அது ஊரில் விட்டுவிடும், திராட்சைத் தோட்டங்களுக்கு இடையில் நகர உங்களுக்கு வண்டி இருக்காது. சில வீடுகளில் விருந்தோம்பல் மிகுதியில் ஓட்டுநருக்கும் ஊற்ற வருவார்கள். அவர் மறுக்கும்போது நீங்களும் சேர்ந்து மறுத்துவிடுங்கள்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் அலசானி பள்ளத்தாக்கு விரிகிறது. எதிர்ப்புறம் காகசஸ் மலைச்சுவர். தரைமட்டத்தில் நிற்கும் அலவெர்டி தேவாலயம் தூரத்திலிருந்தே தெரியும். பதினோராம் நூற்றாண்டுக் கட்டடம், 50 மீட்டருக்கும் மேல் உயரம். 2004இல் திபிலீசியில் சமேபா பேராலயம் வரும்வரை நாட்டிலேயே உயரமான தேவாலயம் இதுதான். துறவிகள் இங்கே இன்றும் தாழியில் ஒயின் செய்கிறார்கள். பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டாவும், நீளப் பாவாடை அல்லது இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துணியும் வேண்டும், ஆண்கள் அரைக்கால் சட்டையில் போக முடியாது. மறுநாள் போகும் போட்பே மடாலயத்திலும் இதே விதிதான்.

அங்கிருந்து சினந்தாலி. கவிஞரும் படைத்தளபதியுமான அலெக்சாண்டர் சாவ்சாவாட்சேயின் மாளிகை, பெரிய தோட்டம். ஐரோப்பிய முறை ஒயினை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர் என்று இவரைச் சொல்வார்கள். இவர் மகள் நினோ 1828இல், பதினைந்து பதினாறு வயதில், ரஷ்ய நாடகாசிரியரும் தூதருமான கிரிபோயேதோவை மணந்தாள். சில மாதங்களில் அவர் தெஹ்ரானில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். நினோ மறுமணம் செய்துகொள்ளாமலே 1857இல் இறந்தாள். இருவரையும் திபிலீசியின் ம்தாட்ஸ்மிந்தா மலைச்சரிவில் அடுத்தடுத்துப் புதைத்திருக்கிறார்கள். திருமண நாளில் சொல்லக்கூடாத கதை என்று நினைப்பீர்கள். ஜார்ஜியர்களிடம் கேட்டால் அன்றுதான் சொல்ல வேண்டும் என்பார்கள்.

ஒயினரி விஷயத்தில் என் கணக்கு ஒரு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் கிடையாது. மூன்றாவது இடத்தில் நாக்கு எதையும் பிரித்தறியாது. நீங்கள் இரண்டு நாளில் மூன்று போனாலே தாராளம். ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று வீடு என்று கலந்து எடுங்கள். பெரியதில் க்வாரெலியில் மலையைக் குடைந்த காரேபா சுரங்கம் இருக்கிறது, கோடையிலும் உள்ளே குளிரும், ஆனால் கூட்டமும் கூடவே வரும். அதற்குப் பதிலாக நபரேவுலியில் ‘ட்வின்ஸ்’ என்ற இரட்டைச் சகோதரர்களின் இடத்தை நான் சொல்வேன். தாழி செய்முறையை விளக்கும் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், உள்ளே நுழைந்து பார்க்கிற அளவுக்கு ஒரு ராட்சதத் தாழியும் உண்டு. அலவெர்டிப் பக்கமே இருப்பதால் சனிக்கிழமை மதியத்துக்குப் பொருந்தும். சிக்நாகியில் ‘ஃபெசன்ட்ஸ் டியர்ஸ்’ இருக்கிறது. ஜான் வுர்டெமன் என்ற அமெரிக்க ஓவியர் உள்ளூர் விவசாயி கேலா படாலிஷ்விலியோடு சேர்ந்து 2007இல் தொடங்கியது. தாழி ஒயினை உலக உணவகங்களுக்குக் கொண்டுபோனதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பாடும் நன்றாக இருக்கும். மூன்றாவதாக ஒரு வீட்டு மரானி. மரானி என்பது தாழிகள் புதைத்திருக்கும் அறை. உங்கள் விடுதிக்காரரிடமே கேளுங்கள், சித்தப்பா வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒன்று இருக்கும்.

எங்கே போனாலும் முன்பே செய்தி அனுப்பிவிட்டுப் போங்கள். நீங்கள் போகும் நாட்கள் ருத்வெலி என்ற அறுவடைக் காலத்தின் பின்பகுதி, எல்லோரும் தோட்டத்திலும் மரானியிலும் இருப்பார்கள், கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. சொல்லிவைத்துப் போனால் அதுவே அதிர்ஷ்டமாகிவிடும். சில வீடுகளில் கையில் கத்தரிக்கோலும் வாளியும் கொடுத்துக் கொடிவரிசைக்குள் அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் மரானிக்குள் நுழைந்தால் வேறு எப்போதும் கிடைக்காத ஒன்று கிடைக்கும். தரையில் வட்டமான வாய்கள் மட்டும் தெரியும், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆள் உயரத் தாழி. மூடி இல்லாமல் திறந்திருக்கும், ஏனென்றால் உள்ளே சாறு நுரைத்துக்கொண்டிருக்கிறது. குனிந்து காதைக் கொடுத்தால் சிறு சிறு குமிழிகள் விடாமல் வெடிக்கும் சத்தம். தோலும் விதையும் மேலே மிதந்து தடித்த ஆடையாகக் கட்டியிருக்கும், வீட்டுக்காரர் நீளக் கழியால் அதைக் குத்தி உள்ளே அமிழ்த்துவார், நாளைக்குப் பலமுறை, இரவிலும் எழுந்து. அமிழ்த்தியதும் ஒரு ஆவி மேலே வரும், மூக்கில் ஏறும். அதற்கு மேல் குனியாதீர்கள், அது கரியமில வாயு, காற்றோட்டமில்லாத மரானியில் ஆளையே சாய்த்துவிடும். மூலையில் செர்ரி மரப் பட்டையை அடுக்கிச் செய்த ஒரு தூரிகை கழியில் கட்டித் தொங்கும், காலியான தாழியைத் தேய்த்துக் கழுவ அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். சோப்பு கிடையாது. போன வருடத்து ஒயினை மூடிய தாழியிலிருந்து நீளக் கைப்பிடி அகப்பையில் மொண்டு, மண் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். அதைக் குடித்துவிட்டு, நேற்று புளிக்கத் தொடங்கிய சாற்றையும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடியுங்கள், இனிப்பும் புளிப்பும் நுரையுமாக இருக்கும். அது உங்களுக்குக்கூடப் பிடிக்கும். அளவோடு, ஏனென்றால் அது வயிற்றில் போயும் வேலை செய்யும்.

துப்புவதற்குப் பாத்திரம் கேட்கத் தயங்க வேண்டாம், பெரிய இடங்களில் தாங்களே வைப்பார்கள். வீட்டில் கேட்டால் முகம் சுளிக்கலாம், அங்கே கொஞ்சமாக ஊற்றச் சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமை மாலை சிக்நாகி. சூரியன் இறங்குவதற்குள் போய்ச் சேருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரெக்லே மன்னன் கட்டிய கோட்டைச்சுவர் குன்றைச் சுற்றி ஓடுகிறது, 23 கோபுரங்கள், சில பகுதிகளில் மேலேயே நடக்கலாம். 24 மணி நேரமும் திருமணப் பதிவு நடக்கும் ஊர் என்பதால் ‘காதல் நகரம்’ என்று பெயர் எடுத்துவிட்டது, வார இறுதியில் வெள்ளைக் கவுன் போட்ட மணப்பெண் ஒருத்தியாவது கண்ணில் படுவாள். அதனாலேயே சனிக்கிழமை அறைகள் சீக்கிரம் நிரம்பும், இப்போதே பதிவு செய்யுங்கள். அலசானி பள்ளத்தாக்கைப் பார்த்த மாடம் உள்ள அறை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சொகுசு விடுதி வேண்டுமென்றால் சினந்தாலியிலும் தெலாவிப் பக்கமும் நீச்சல் குளம், ஸ்பா எல்லாம் உள்ளவை இருக்கின்றன. ஆனால் மாலை நடக்க ஊர் இருக்காது. எனக்குச் சிக்நாகிதான்.

விருந்தை விடுதி வீட்டிலேயே வையுங்கள். சுப்ரா என்ற ஜார்ஜிய விருந்து உணவகத்து மேசையில் நடப்பதைவிட வீட்டில் நடப்பதுதான் முறை. திருமண நாள் என்று முன்பே சொல்லிவிட்டால் அவர்களே ஏற்பாடு செய்துவிடுவார்கள். ஒருவர் தமாதாவாக இருப்பார், அவர்தான் கிண்ணத்தை உயர்த்திப் பேசுகிறவர். கடவுளுக்கு, அமைதிக்கு, மறைந்தவர்களுக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு என்று ஒவ்வொன்றாகப் போகும். அவர் பேசி முடிக்குமுன் குடிக்கக்கூடாது, இடையில் நீங்களாக ஒரு வாழ்த்து தொடங்கவும் கூடாது. ‘அலவெர்டி’ என்று உங்கள் பக்கம் திருப்பினால் பேச வேண்டியது நீங்கள். உங்கள் முறை நிச்சயம் வரும், கணவரைப் பற்றி நாலு வார்த்தை தமிழிலேயே சொல்லுங்கள், யாருக்கும் புரியாவிட்டாலும் எல்லோருக்கும் புரியும். ‘கௌமார்ஜோஸ்’ என்ற வாழ்த்துச் சொல்லோடு முடித்தால் போதும். குடிக்காதவர் உதட்டை நனைத்துவிட்டு வைக்கலாம், தவறில்லை, தர்ஹூன் என்ற பச்சை நிற மூலிகைச் சோடாவை ஊற்றித் தரச் சொல்லலாம். பாட்டும் இருந்தால் விடாதீர்கள். காகேத்தியின் பல்குரல் விருந்துப் பாட்டு ஒன்றுதான் 1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றி அனுப்பிய தங்க இசைத்தட்டில் இருக்கிறது.

சைவத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்ட அளவுக்குப் பிரச்சினை இல்லை. ‘சமர்ஹ்வோ’ என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கிறிஸ்தவ நோன்பு நாட்களில் சாப்பிடும் உணவு அது, இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது, எந்தச் சமையல்காரிக்கும் உடனே புரியும். வறுத்த கத்தரிக்காயில் வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய பத்ரிஜானி, கீரையும் வால்நட்டும் சேர்த்த ப்ஹாலி, மண்சட்டியில் வேகும் லோபியோ என்ற பயறு, கத்தரிக்காய்க் கூட்டு போன்ற அஜாப்சந்தாலி எல்லாம் மேசையில் வரும். லோபியோவிலும் பயறு வைத்த ரொட்டியிலும் சில இடங்களில் பன்றி இறைச்சித் துண்டு போடுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஹாச்சாபூரி என்ற சீஸ் ரொட்டியில் அஜாரா வகை, அதாவது படகு வடிவம், மேலே பச்சை முட்டையோடு வரும். முட்டை வேண்டாமென்றால் வட்டமான இமெரேத்தி வகையைச் சொல்லுங்கள். கின்காலி கொழுக்கட்டையில் காளான், உருளைக்கிழங்கு வகைகளும் உண்டு.

ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்து மாடத்துக்கு வாருங்கள், மலைத்தொடர் தெளிவாகத் தெரிய அதுதான் நல்ல நேரம், மதியமானால் புகைமூட்டம் மறைத்துவிடும். இரண்டு கிலோமீட்டரில் போட்பே மடாலயம். ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவம் கொண்டுவந்த புனித நினோவின் சமாதி அங்கே. திராட்சைக்கொடியைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தாள் என்று மரபு, அதனால்தான் ஜார்ஜியச் சிலுவையின் கைகள் சற்றுத் தொங்கியிருக்கும். சிக்நாகி அருங்காட்சியகத்தில் நிகோ பிரோஸ்மானியின் ஓவிய அறை இருக்கிறது. பக்கத்து மிர்சானியில் பிறந்து, திபிலீசியின் சாராயக் கடைகளுக்குப் பலகை எழுதிப் பிழைத்து, 1918இல் வறுமையில் இறந்தவர். முந்தின இரவு நீங்கள் உட்கார்ந்த மேசையை அவர் படங்களில் அப்படியே பார்க்கலாம். பிறகு மெதுவாக ஒரு மதியச் சாப்பாடு, நெடுஞ்சாலை வழியாகத் திபிலீசி.

கடைசி இரவு தலைநகரில் இருப்பது பாதுகாப்புக்காகவும்தான். விமானத்தன்று காகேத்தியிலிருந்து கிளம்பி வந்து பதறாதீர்கள். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் ஆடம்பரம் வேண்டுமென்றால் அக்மஷெனெபெலி சாலையில் பார்பரேஸ்தான் இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் பார்பரே ஜோர்ஜாட்சேயின் சமையல் நூலை வைத்து நடத்துகிறார்கள், முன்பதிவு கட்டாயம். அக்டோபரில் ஒரு வார இறுதியில் திபிலீசோபா என்ற நகரத் திருவிழா வரும். உங்கள் தேதியோடு மோதுகிறதா என்று பாருங்கள், மோதினால் தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டமும், கூடவே ஓட்டல் விலையும் ஏறியிருக்கும்.

திங்கட்கிழமைக்கு உலர் பாலத்துப் பழம்பொருள் சந்தை, ருஸ்தாவெலி சாலை, முடிந்தால் 1905இல் திறந்த கம்பிவட ரயிலில் ம்தாட்ஸ்மிந்தா. அதுபோதும்.

அப்புறம் பாட்டில்கள். இந்தியாவுக்குள் ஒரு ஆள் 2 லிட்டர் மதுவரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் தலைக்கு இரண்டு, இருவருக்கு நான்கு. எல்லாம் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும். வீட்டு மரானியில் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் அன்போடு வாங்கி திபிலீசியிலேயே குடித்து முடித்துவிடுங்கள், அது பயணத்தைத் தாங்காது. பெட்டியில் வைப்பதற்கு லேபிள் ஒட்டி மூடிய பாட்டிலாக, ஒரு சபெராவி, ஒரு ஆம்பர் கிசி, உங்களுக்காக ஒரு கிண்ட்ஸ்மராவுலி, நான்காவதைக் கணவர் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்வெட்டருக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வையுங்கள். அக்டோபர் இரவுக்குச் சிக்நாகியில் ஸ்வெட்டர் எப்படியும் தேவைப்படும், அதனால் கையோடு கொண்டுபோயிருப்பீர்கள்.